தினோகோவின் ராட்சதன்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து, வானத்தில் ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறார் டாக்டர் எவாரிஸ்தோ தினோகோ. ரேடியோ படத்தில் இரண்டு மங்கல் திட்டுகள் தெரியும். அதே இடத்தைச் சாதாரண ஒளியில் எடுத்த படத்தின்மேல் அவற்றைப் பொருத்தி, நடுவிலிருந்து அவற்றை இரு பக்கமும் துப்பிய விண்மீன் மண்டலம் எது என்று சொல்ல வேண்டும். தொழில் அவ்வளவுதான்.

கணினியை நம்ப மாட்டார். “மெஷினுக்குக் கண்ணு ஏதும்மா?” என்பார். அவருடைய வலக்கண்ணில் புரை. அறுவைக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் போகவில்லை. கொருந்தா என்னும் சோளக் கொழுக்கட்டையைக் கிரீமில் தோய்த்துத் தின்றுகொண்டே வேலை செய்வதால் விசைப்பலகையில் சோளமாவு அப்பியிருக்கும்.

அவர் கை பட்ட எந்த மண்டலமும் குள்ளமாக இருந்ததில்லை. இந்த வருடம் பிடித்ததோ, திட்டுக்குத் திட்டு அளந்தால், எல்லாவற்றிலும் நீளம். கட்டுரை இன்னும் ஆய்விதழுக்குப் போகவில்லை. அதற்குள் மொரேலியா நகரப் பல்கலைக்கழக வாசலில் ‘மொரேலியாவின் ராட்சதன்’ என்று பதாகை தொங்குகிறது.

கட்டுரையில் இரண்டாவது பெயர் எர்லிண்டாவுடையது. ஒப்பந்த வேலையில் இருப்பவள். அந்தப் பெயரை வைத்துத்தான் அடுத்த வேலை தேட வேண்டும். புதிதாக வந்த, இன்னும் ஆழமான ஒளிப்படத்தைத் திரையில் விரித்தாள்.

“டாக்டர், தெற்குத் திட்டுக்கு நட்டநடுவுல தனியா ஒரு கேலக்ஸி இருக்கு. அந்தத் திட்டு அதோடது. ரெண்டு திட்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ராட்சதனே கிடையாது.”

“அது தூசும்மா.”

“தூசு ஒவ்வொரு கலர்லயும் தனித்தனியா எடுத்த படத்துல ஒரே எடத்துலயா வந்து உக்காரும்?”

“வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கும் இப்படித்தான் எங்க பாத்தாலும் ஏதாவது தெரியும்.”

“இப்ப எதுவுமே தெரியல, அதான் பிரச்சினை. கண்ணைக் காட்டிட்டு வாங்கன்னா கேக்குறீங்களா?”

“பதாகையே கட்டியாச்சு, எர்லிண்டா.”

“கட்டினவங்க அவுக்கட்டும். இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க.”

இந்தத் தொழிலில் உடன் எழுதியவர் பெயரை உருவிக்கொண்டால், நடுத்தெருவில் நின்று ‘இது பொய்’ என்று கத்தியதற்குச் சமம். தினோகோ இடக்கண்ணைத் திரைக்குக் கொண்டுபோனார். படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். தெற்குத் திட்டின் நடுவில் அந்தப் புள்ளி சிவப்பாக, சின்னதாக, அசையாமல் இருந்தது. பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை எர்லிண்டாவும் பார்த்தாள்.

பிறகு கட்டைவிரலை நீட்டி, அந்தப் புள்ளியின்மேல் அழுத்தி வைத்தார்.

“இப்பப் பாரு,” என்றார். “எவ்ளோ நீளம்!”