ரப்பரால் அழித்த இசைத்தாள்கள்

என் மனைவிக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். சாயங்காலம் டிராம்போன் ஊதுவாள். நடுவில் எனக்குச் சோறு பொங்கிப் போடுவாள் என்று நினைத்துவிடாதீர்கள், சமையல் நான்தான்.

எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த பழைய நடனக் கூடத்தை மறுபடி திறந்தபோது ஒரு பெட்டி நிறைய இசைத்தாள்கள் அகப்பட்டன. பதினாறு பேர் சேர்ந்து வாசிக்கும், ஆடுவதற்கென்றே எழுதிய ஸ்விங் இசை, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தாள். அறுபது வருடமாக யாரும் தொடாதது. குப்பைக்குப் போகவிருந்ததைத் தோளில் சுமந்து வந்தாள். வாசிக்க ஆளும் சேர்த்துவிட்டாள்.

கூடத்து மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தரேன்மா. ஜனங்க எழுந்து ஆடணும். உக்காந்து கைதட்டிட்டுப் போனாங்கன்னா இதோட சரி."

"ஆடுவாங்க சார்," என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. தாள்களைக் கணினியில் ஏற்றிப் பிரதி எடுப்பதற்கு முன்னால், உட்கார்ந்து நாலு நாள் ரப்பர் போட்டுப் பென்சில் கிறுக்கலையெல்லாம் அழித்துப் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தேன். பாராட்டுவாள் என்றுதான்.

முதல் ஒத்திகை நாராசமாக இருந்தது. பதினாறு வாத்தியங்களும் ஒரே நேரத்தில் கத்தின. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அசல் தாள்களைப் புரட்டியவள் நிமிர்ந்தாள்.

"இதுல பென்சில்ல என்னமோ இருந்துச்சே, எங்க?"

"ஒரே கிறுக்கலா இருந்துச்சுன்னு நான்தான்..."

"அடப்பாவி மனுஷா! அதுதாங்க பாட்டே!"

அவள் சொன்னபிறகுதான் மண்டையில் ஏறியது. எழுதியவர் எழுதியது மையில். எங்கே வாயை மூட வேண்டும், எங்கே அடக்கி ஊத வேண்டும் என்று வாசித்தவர்கள் மேடையில் கண்டுபிடித்தது பென்சிலில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அழவில்லை, கடையிலிருந்து டார்ச்சை எடுத்து வந்தாள். தாளில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் பென்சில் அழுத்திய தடம் லேசாகத் தெரிந்தது.

பதினோரு நாள் டார்ச் பிடித்தேன். வெளிச்சம் நகர்ந்தால், "ஒழுங்கா பிடிங்க," என்று அதட்டல். தாள் தாளாகப் படித்து அத்தனையையும் திரும்ப எழுதினாள். கடைசிப் பாட்டின் சாக்ஸபோன் தாள் அடியில் ஒரு வரி இருந்தது: 'ஆடுதளம் காலியாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து. நிறுத்தாதே.'

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது, முக்கால்வாசி இளவட்டங்கள். குழு பிரமாதமாக வாசித்தது. ட்ரம்பெட்டுகள் சட்டென்று அடங்க, டிராம்போன் மட்டும் ஊர்ந்து வந்த இடத்தில் எனக்குப் புல்லரித்தது. எல்லோரும் காலால் தாளம் போட்டார்கள், ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நீ முதலில் போ, நீ போ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடைசிப் பாட்டும் முடியப் போனது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் விரலை உயர்த்திச் சுழற்றினாள். மறுபடி முதலிலிருந்து. அதுவும் முடிந்தது. விரல் மறுபடி உயர்ந்தது. உதடு வீங்கியிருந்தது, முகம் ரத்தச் சிவப்பு. ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு அடிகூட ஆடியது கிடையாது. எழுந்தேன். அத்தனை பெரிய தளத்தில் தன்னந்தனியாகக் கையையும் காலையும் உதறினேன். சிரித்தார்கள், சிரிக்கட்டுமே! சிரித்துக்கொண்டே ஒரு ஜோடி வந்தது, பின்னாலேயே ஏழெட்டுப் பேர். ஐந்தாவது சுற்றில் நான் நிற்க இடமில்லாமல் சுவரோரம் ஒதுங்கினேன்.

"அடுத்த வாரமும் வந்துருங்கம்மா," என்றார் மேனேஜர்.

அவள் பென்சிலை எடுத்து, 'நிறுத்தாதே' என்ற அந்த வரிக்குக் கீழே எழுதினாள்: 'இங்கே என் வீட்டுக்காரர் எழுந்திருப்பார்.'

"ஐயோ, அத அழிச்சிடும்மா!" என்று பதறினேன்.

"ரப்பர தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள்.