ஒட்டியிருந்த பக்கங்கள்

கணவர் இறந்து, மகனும் சிங்கப்பூர் போன பிறகு, ஆலங்குடியில் என் வீட்டுக்கு வந்து பேசிய ஒரே ஆள் ஸ்டெல்லா டீச்சர்தான். என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். ஞாயிறுதோறும் கீரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார்.

ஓய்வு பெற்றதும் அவர் ஒரு நாவல் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, முதல் பிரதியை எனக்குத் தந்தார். முப்பது பக்கத்துக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. அடுத்த வாரம் அவர் கேட்டபோது, "ஒரே மூச்சுல படிச்சுட்டேன் டீச்சர். கடைசியில அழுதுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எந்த இடத்துல அழுதீங்க?" என்று அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து ஆசையாகப் புரட்டினார். பின்பாதியில் பல தாள்கள் அச்சகத்தில் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. அவற்றைப் பிரிக்காமல் யாரும் படித்திருக்க முடியாது.

அந்த ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேங்க" என்று எழுந்துவிட்டார்.

நான்கு ஞாயிறு அவர் வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு, கத்தியால் தாள்களைப் பிரித்து, தட்டுத்தடுமாறிக் கடைசிவரை படித்துவிட்டு போன் செய்தேன்.

"இப்பத்தான் முழுசாப் படிச்சேன் டீச்சர். பாதி எனக்குப் பிடிக்கல. பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க."

"எந்தப் பாதி?" என்றார்.

அன்று வெகுநேரம் பேசினோம். இப்போதும் போனில் பேசுகிறார். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. பிடிக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். ஆனாலும் அடுத்த ஞாயிறு வந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.