அம்மாவைப் பற்றி டாக்டர் சொன்ன இங்கிலீஷ்

அடுத்த அறையில் மகள் இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "புல் த்ரூ" என்று காதில் விழுந்ததும் எனக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியின் பினாயில் வாசனை வந்தது.

நான் ஆறாவது படிக்கும்போது கரும்புத் தோட்டத்தில் அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. நினைவில்லாமல் கிடந்தாள். தமிழ் தெரியாத வடநாட்டு டாக்டர் வெளியே வந்து, "ஷி வில் புல் த்ரூ" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர் சித்தப்பாதான். 'புல்' என்றால் இழு என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணிக்கு இழுத்துக்கினு இருக்குதாம்ணா," என்றார் உடைந்த குரலில்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தார்.

"ஏங்க அழுவுறீங்க? 'புல்'லோட 'த்ரூ' சேந்தா பொழைச்சிக்கிறதுங்க. பொழைச்சிக்குவாங்கன்னுதான் டாக்டர் சொன்னாரு!"

"இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றார் அப்பா. நர்ஸ் சொன்னார். அப்பா என்னைக் கட்டிக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினார்.

மறுநாள் கண் விழித்த அம்மாவிடம் அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மெல்லத் தலையைத் திருப்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, பாடைக்கு மூங்கில் வெட்டிட்டியா?"