சின்னச்சாமிக் கவுண்டர் தேடிய டயர்

கடையைத் திறந்து பலகைகளை எடுத்து ஓரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டர் தோட்டத்து ஆள் வந்த வேகத்தில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "நெஞ்ச அடைக்குதுன்னாருங்க. தண்ணி மோந்துட்டு வரதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க" என்றான். அந்த நேரத்தில் மனிதன் என்ன பேசவேண்டுமோ அது என் வாயில் வரவில்லை. "புது டயர் மாட்டி ஒரு தடவகூட மலையேறலியேப்பா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டான்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு வருகிற உங்களில் கவுண்டரைத் தெரியாதவர் யாரும் இல்லை. மகள் சரசு வந்து கடைசி முகம் பார்க்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். "இத்தன டயர் மாத்தி என்னுங்க புண்ணியம், செத்த அன்னிக்குக்கூடப் புள்ளையக் கொண்டாந்து சேக்க முடியலியே" என்று என் காதுபடவே பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தாமதத்துக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து திரும்பும்போது தார்ரோட்டில் மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. அதை அள்ளி முடிக்கும்வரை எந்த வண்டியும் நகரவில்லை. இங்கே பங்காளிகள் காத்திருக்கிற மட்டும் காத்திருந்தார்கள். யார் மேலும் குற்றமில்லை. ஆனால் அவர் டயருக்காக அலைந்த கதையும், கடைசியில் அந்த டயர் செய்த காரியமும் எனக்கும் மெக்கானிக் குட்டனுக்கும்தான் முழுதாகத் தெரியும். குட்டன் எழுதுகிற ஆள் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

சரசுவை மூணாறுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் பையனுக்குக் கொடுத்தார்கள். நல்ல இடம். ஒரே குறை, பஸ் நிற்கும் தார்ரோட்டிலிருந்து அவள் வீட்டுக்கு வெறும் மண்பாதை. வெயில் காலத்தில் எந்த ஜீப்பும் போகும். ஆனி பிறந்து மழை பிடித்துவிட்டால் காளைகூட ஏறாது. முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்துப் பெண்ணை அழைத்து வருவது இவர்கள் வழக்கம். மழைக்கு முன்னால் ஐந்திலேயே அழைத்தால் ஊர் சிரிக்கும் என்றார்கள் சம்பந்தி வீட்டார். ஏழு பிறந்தபோது மழையும் பிறந்தது. கட்டுச்சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தார்ரோட்டிலேயே நின்றார்கள். கவுண்டர் மட்டும் நடந்து மேலே போய் மகளைப் பார்த்துவிட்டு, நடந்தே இறங்கி வந்தார். அந்தக் குழந்தை அங்கேயே பிறந்தது. தங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து வெகுநேரம் கயிற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். "நான் நடந்து போயிருவேனுங்க ராவுத்தரே, இப்பவும் போவேன். மாசமா இருக்கற புள்ள எப்பிடி நடந்து எறங்குவா? அதுதான் எனக்கு ரோசனை" என்றார். அடுத்த வாரம் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு ஜீப்பை எலப்புள்ளியில் குட்டன் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அது ஜீப் என்று சொன்னதால்தான் தெரிந்தது. பார்த்தால் பழைய இரும்புக் குவியல்.

குட்டன் இன்ஜினைப் பிரித்து மாட்டினான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி கியரைச் சரிசெய்தான். மேலே புதிதாகத் தார்ப்பாய் தைத்துப் போட்டார்கள். இதிலெல்லாம் கவுண்டர் தலையிடவில்லை. டயர் என்று பேச்செடுத்தால் மட்டும் யாரையும் விடமாட்டார். அந்தச் சமயத்தில் புது டயர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதற்குள் இவர் ரப்பரில் நகத்தை அழுத்திப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், மேலே பல் மாதிரி புடைத்திருக்கும் வார்களின் இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பார். "பொண்ணு பாக்கப் போனாக்கூட இந்தப் பார்வ பாக்கமாட்டாங்க கவுண்டரே" என்றேன். "பொண்ணு புடிக்கலீன்னா வேற பொண்ணு பாக்கலாமுங்க. டயர் புடிக்கலீன்னா உசுரு போயிருமுங்க" என்றார்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது டிராக்டர் டயர் மாதிரி இருந்தது. சாய்வான பெரிய வார்கள், இடையில் அகலமான பள்ளம். எங்கள் ஊர்க்காரர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்? சேறு என்றால் எங்களுக்கு நடவுக்குத் தயாரான வயல்தான். கவுண்டர் தண்ணீர் கட்டி உழுது போட்டிருந்த தன் வயலிலேயே ஜீப்பை இறக்கினார். வரப்பில் பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. வண்டி எருமை போல அசைந்து அசைந்து இந்த வரப்பில் இறங்கி அந்த வரப்பில் ஏறியது. மடியில் ஒட்டிய சேற்றோடு இறங்கி வந்து, "எப்பிடீங்க?" என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பு என் கண்ணிலேயே நிற்கிறது.

சரசு மறுபடி உண்டாகியிருந்தாள். இந்த முறையும் ஏழு பிறந்தது மழையில்தான், ஆனாலும் ஜீப்பை நம்பி நாங்கள் கிளம்பினோம். கவுண்டர் ஓட்டினார், குட்டன் பக்கத்தில், நான் பின்னால். தார்ரோட்டை விட்டு இறங்கியதும் வண்டி அருமையாகத்தான் ஏறியது. பாதி மலையில் ஓர் இடம் இருக்கிறது. பாதை பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருக்கும், கீழே செம்மண் களி, அதற்கும் கீழே வழுக்குப் பாறை. அங்கே வந்ததும் வண்டி முன்னால் போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. ஒரு பலாமரம் மட்டும் இல்லையென்றால் இந்த நினைவஞ்சலியை எனக்கும் சேர்த்து வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

குட்டன் இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கவுண்டரே, இது வயலல்ல, மலையாணு" என்றான். அவனுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. அந்த டயரை மாட்டியவனே அவன்தானே. கவுண்டரும் இறங்கினார். குனிந்து டயர் விட்டுப்போன தடத்தைப் பார்த்தார். வாய்க்கால் வெட்டியதுபோல வழவழவென்று சாய்வாகக் கோடுகள். "முன்னால இழுக்கறதுக்குப் பல்லு வெச்சிருக்கறானுங்க. பக்கத்துல புடிக்கறதுக்குப் பல்லே இல்லீங்களே" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்த சேறு ஏது? வயல் என்றால் தட்டைதான். அப்படி ஒன்று இருக்கும் என்று ஒருவர் மூளையிலும் தோன்றவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேலே போகவும் வழியில்லை, திருப்பவும் இடமில்லை. கவுண்டர் ஈரப் பாறையில் உட்கார்ந்து, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி இருந்தார். திட்டுவதென்றால் எதைத் திட்டுவது, யாரைத் திட்டுவது? "நம்மூருச் சேறுன்னா நம்ம சொல் பேச்சு கேக்குமுங்க. இது நம்மள யாருன்னே கேக்காதுங்களே" என்றார். ஏலத்தோட்டத்து ஆட்கள் வந்து கயிறு கட்டிப் பின்னால் இழுத்து இறக்கித்தான் வண்டி திரும்பியது. சரசு அங்கேயே பெற்றாள். பையன், நன்றாக இருக்கிறான். அல்லா காப்பாற்றினான். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

அதோடு விட்டிருந்தால் அவர் சின்னச்சாமிக் கவுண்டர் இல்லை. கோயமுத்தூரில் பழைய மிலிட்டரிச் சாமான் விற்கும் கடைகளாக ஏறி இறங்கினார். துணைக்கு நானும் போனேன். எனக்கு டயரில் வட்டம் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. வார்கள் நேராகவும் குறுக்காகவும் கட்டம் கட்டமாக இருக்கிற டயர், ஓரத்திலும் பல் உள்ள டயர், அதுதான் அவருக்கு வேண்டும். கிடைத்தவற்றில் சில கல்லாக இறுகிப்போயிருந்தன, சில வெடித்திருந்தன. ஒரு ஜோடி நன்றாக இருந்தால் அடுத்த ஜோடி இருக்காது. கலந்து மாட்டலாமே என்று குட்டன் சொன்னபோது, "ஒரு மாடு கெழக்க இழுத்து ஒரு மாடு மேக்க இழுத்தா ஏர் எங்கீங்க போகும்?" என்று மறுத்துவிட்டார். நான்கும் ஒரே மாதிரி அமைய வெகுநாள் ஆனது.

அமைந்த பிறகு வயலில் இறக்கவே இல்லை. குளத்துக்கரைச் சரிவில் ஆட்களை விட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மண் நன்றாகக் குழைந்ததும் சரிவின் குறுக்கே, ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஜீப்பை ஓட்டினார். குடிக்கிற தண்ணிக்கே பஞ்சமான சித்திரை மாதத்தில் கரைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனிதனை ஊர் என்ன சொல்லும்? "கவுண்டருக்குக் கழண்டு போச்சு" என்று என் கடையிலேயே சொன்னார்கள். அவருக்கும் அது எட்டியது. சிரித்தார். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் டயர் மண்ணோடு படிந்து பிடிக்கிறது என்று அங்கேதான் கண்டுபிடித்தார். எனக்கு அதைத் தரையில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரியவில்லை. புரிந்ததாகத் தலையாட்டினேன், அவருக்குச் சந்தோஷம்.

சரசு வெயிலில் பஸ்ஸில் வந்து தங்கிவிட்டுப் புறப்பட்டபோது பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஆடிக்கு, எந்த மழ பெஞ்சாலும், உன்ற ஊட்டு வாசல்ல வண்டியக் கொண்டாந்து நிறுத்தறேன் பாரு கண்ணு." இப்போதே ஜீப்பில் கொண்டுபோய் விடுங்களேன் என்றேன். "வெயில்ல எவன் வேணாலும் போவானுங்க" என்றார். மழைக்காகக் காத்திருந்தார். மழை வந்தது. அவர் போய்விட்டார்.

தந்தி அடித்தோம். அந்த மழையில் அது தோட்டத்துக்கு எப்போது போய்ச் சேரும் என்று தபாலாபீஸில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் மதியம்வரை வைத்திருக்கிறோம் என்றார்கள் பங்காளிகள். நானும் குட்டனும் ஜீப்பை எடுத்தோம். பொள்ளாச்சி, உடுமலை, பிறகு மலை. மண்பாதையில் இறங்கும் முன் குட்டன் நான்கு டயரிலும் காற்றை இறக்கினான். அந்தச் சாய்ந்த இடம் வந்தது. குட்டன் நிறுத்தி என்னைப் பார்த்தான். பிஸ்மில்லா என்றேன். வண்டி சாய்ந்தது, சாய்ந்தபடியே, ஒரு விரற்கடை வழுக்காமல், அந்தக் களியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறியது. பலாமரம் பின்னால் போனது. எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. "பாத்தீங்களா கவுண்டரே" என்று கத்தத் திரும்பினேன். பின் சீட்டு காலியாக இருந்தது.

இரண்டு வளைவு கீழே வரும்போதே சரசுவுக்கு இன்ஜின் சத்தம் கேட்டிருக்கிறது. மழையில் அந்தப் பாதையில் வேறு எந்த வண்டி வரும்? தந்தி வந்து சேரவில்லை என்பது வாசலில் நின்ற அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடுப்பில் பையன், கையில் ஆவி பறக்கிற டம்ளர். முன்னால் தார்ப்பாய் மறைவில் நாங்கள் இருவரும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பா பின்னால உக்காந்திருக்காருங்களா மாமா? எறங்கச் சொல்லுங்க, காப்பி ஆறுது" என்றாள். குட்டன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

நான் இறங்கினேன். சந்தையில் வாய் ஓயாத ராவுத்தன் என்று பெயர் எடுத்தவன், கையைத்தான் நீட்டினேன். அவள் ஒரு கணம் தயங்கி, டம்ளரைக் கொடுத்தாள். மழையில் நின்றபடியே முழுவதையும் குடித்தேன். இனிப்பு தூக்கலாக இருந்தது, கவுண்டர் வீட்டில் கவுண்டருக்கு மட்டும் போடுகிற அளவு. குடித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் பின் சீட்டைப் பார்த்துவிட்டிருந்தாள்.

ஜீப்பை மருமகன் எடுத்துக்கொண்டார், அது அங்கே இருப்பதுதான் சரி. எனக்குக் கவுண்டரிடமிருந்து கிடைத்தது அந்தக் காப்பி ஒன்றுதான். அவருக்கென்று போட்டது, நான் குடித்துவிட்டேன்.