செஞ்சியில் வெளியே சாப்பிட்டோம்

இந்த ஊரில் ஒருவன் தன் குடும்பத்தோடு ஓட்டலுக்குள் நுழைந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையில் எடுத்த கவளத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் எழுந்து நிற்கிறார். மரியாதைக்காக இல்லை, விசாரணைக்காக. "இன்னாங்க, வூட்ல எதுனா துக்கமா?" என்று என்னைக் கேட்டார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் ஓட்டல்காரர். இல்லை என்றேன். "அப்போ அடுப்பு இடிஞ்சி போச்சா?" என்றார். அதுவும் இல்லை, சும்மா சாப்பிட வந்தோம் என்றேன். அவர் என்னையும், பின்னால் நின்ற என் மனைவி கமலாவையும், என் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். சும்மா சாப்பிட வருகிற குடும்பத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

ரங்கூனில் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊருக்குப் போனால் என்ன வேலை, என்ன வீடு என்றெல்லாம் எழுதிக் கேட்கிறீர்கள். சாயங்காலம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் வருவதற்கு முன் யாரையும் கேட்கவில்லை. செஞ்சியில் ஓட்டல் என்பது வழக்குக்கு வந்தவன், தாலுகா ஆபீசில் கால் கடுக்க நின்றவன், பஸ்ஸைத் தவறவிட்டவன், கோட்டை பார்க்க வந்து வெயிலில் சுருண்டவன் ஆகியோருக்கான இடம். வீடு இருக்கிறவன் அங்கே போகக் கூடாது. வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான் போனது அக்காவுக்காக. அத்தான் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அக்காவும் கடையில்தான் இருப்பாள். கடையைச் சாத்தியதும் இருவரும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். தெருமுனையில் ஒரு பர்மியப் பெண்மணி மொகிங்கா விற்பாள். முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலிகளில் சீனன், பர்மியன், நம் பக்கத்திலிருந்து வந்த சூலியா முஸ்லிம், நம் செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை எல்லோரும் குந்தியிருப்பார்கள். அக்காவும் அத்தானும் நடுவில் உட்கார்ந்து மீன் குழம்பில் மிதக்கும் சேமியாவை உறிஞ்சியபடி அன்றைய சண்டை முழுவதையும் அங்கேயே போட்டு முடிப்பார்கள். கடைக்காரி அக்கா பக்கம் சேர்ந்துகொண்டு அத்தானைத் திட்டுவாள். எழுந்திருக்கும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் நம் கஷ்டமும் பக்கத்தில் ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. வெளியே பத்துப் பேர் உறிஞ்சுகிற சத்தத்தில் அது கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடையை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அக்காவை எங்களோடு கப்பலேற்றினேன். கப்பலில் ஏறியவள் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவாள், சொன்ன வேலையைச் செய்வாள், வாய் மட்டும் திறக்காது. தாத்தா செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்காரர் என்பதால் இங்கே வந்து ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நிலக்கடலைக்கு இந்த ஊரில் மல்லாட்டை என்று பெயர். அக்கா தட்டில் போட்டதில் இரண்டு வாய் தின்பாள், மீதியைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கன்னம் உள்ளே போய்விட்டது. இப்படியே விட்டால் அத்தான் போன வழியில் இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பின்கட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்கு அந்தப் பயமே இல்லை. "பர்மாவுல எதையோ மிதிச்சிட்டு வந்துருக்குது. காத்து, கருப்பு" என்று தீர்மானமாகச் சொல்லி, நான் மண்டியில் இருந்த நேரத்தில் ஒரு பூசாரியை அழைத்து வந்துவிட்டார். நான் வரும்போது அக்கா கூடத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். பூசாரி வேப்பங்கொத்தால் அவள் தோளில் அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் வாயில் சாராய நாற்றம். "சொல்லுடி, நீ எந்த ஊரு?" என்று அதட்டுகிறான். புருஷனைப் பறிகொடுத்தவளைக் கண்டவன் ஒருவன் வாடி போடி என்கிறான், அதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருக்கிறது. பூசாரி கையிலிருந்த கொத்தைப் பிடுங்கி எறிந்தேன். வைத்தியத்தை நடுவில் நிறுத்தியவன் என்ற கெட்ட பெயர் அன்று வந்தது.

அதற்குப் பிறகுதான் ஓட்டல் யோசனை வந்தது. ஓட்டல்காரர் எங்களை ஹாலில் உட்கார விடவில்லை. "லேடீஸ்னா உள்ள ரூமு இருக்குதுங்க" என்று ஒரு மூலையைக் காட்டினார். பலகைத் தடுப்பு, வாசலில் ஒரு திரை. அந்தத் திரையைப் பற்றி எழுத எனக்குக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு காலத்தில் அது பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். சாப்பிட்டுப் போகிற ஆண்கள் கை கழுவியபின் ஒவ்வொருவராக அதில் துடைத்துத் துடைத்து, இடுப்பு உயரத்தில் அது எண்ணெய்ப் பிசுக்கேறித் தோல் மாதிரி விறைத்து நின்றது. அதை விலக்காமல் உள்ளே போக முடியாது. கமலா முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு விலக்கினாள். உள்ளே ஜன்னல் இல்லை. மேஜையைத் துடைக்க வந்தவன் தரையைத் துடைத்த துணியாலேயே துடைத்தான். நான் கத்தினேன். "சுத்தமாத்தான சார் தொடைக்கிறேன்?" என்றான் அவன்.

சுத்தம் என்றதும் எனக்கு வாசலில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஓட்டல் கூரையின் கம்பில் நாலைந்து நசுங்கிய அலுமினிய டம்ளர்கள் தனியே மாட்டியிருந்தன. சேரி ஆட்கள் டீ குடிக்க அவை. அவர்களே எடுத்துக் குடித்து, அவர்களே கழுவி மாட்ட வேண்டும். அந்தத் திரையைத் தொங்கவிட்டிருக்கிறவர்கள், அந்தத் துணியால் மேஜையைத் துடைக்கிறவர்கள், ஒரு மனிதனின் வாய் பட்ட டம்ளரைத் தீட்டு என்கிறார்கள். சீ! ரங்கூனில் யார் யார் வாய் பட்ட கோப்பையில் நாம் டீ குடித்தோமோ, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா இட்லியைத் தொடவில்லை. பலகைக்கு அப்பால் ஆண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்ட பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பினாள். பிறகு எழுந்து, திரையைத் தோளால் இடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டுக்காரரின் மனைவி ஒரு குண்டான் நிறைய சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு மனசு நெகிழ்ந்துதான் போயிற்று. "அரிசி இல்லன்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பொம்பளைங்கள ஓட்டலுக்கு இட்டுகினு போற அளவுக்கா வந்துட்டீங்க?" என்றார். அரிசியெல்லாம் இருக்கிறது, அக்காவின் மனசுக்காகப் போனோம் என்றேன். "மனசுக்கா? மனசுக்குக் கோயிலுக்குப் போவாங்க. ஓட்டலுக்கா போவாங்க?" என்றார். மறுநாளே கதை மாறிவிட்டது. தாலியறுத்த நாத்தனாருக்குக் கமலா சோறு போடுவதில்லை, தம்பிக்காரன் பொண்டாட்டிக்குப் பயந்து ஓட்டலில் வாங்கிக் கொடுக்கிறான் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். கமலா அழுதாள்.

அக்கா நாலு மனிதர்களைப் பார்க்கட்டும் என்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவர அவளையே கமலா அனுப்பத் தொடங்கினாள். மண்டி முற்றத்தில் மல்லாட்டை உடைக்கிற பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். எல்லோரும் சேரிப் பெண்கள். மத்தியானம் அஞ்சலை என்பவள் கேழ்வரகுக் கூழ்ப் பானையை இறக்குவாள். கூழும் சுட்ட கருவாடும். ஒருத்தி மேஸ்திரியைப் போலப் பேசிக்காட்டுவாள், இன்னொருத்தி தன் புருஷனைத் திட்டுவாள், எல்லோருமாகச் சிரிப்பார்கள். ஒருநாள் கேரியரை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிய அக்கா, நேரே போய் அந்த வரிசையில் குந்திவிட்டாள். நான் ஓடினேன். அஞ்சலை பதறி எழுந்தாள். "ஐயா, நாங்க கூப்புடலீங்க. அவுங்களா வந்து ஒக்காந்துட்டாங்க" என்றாள். கையை வேறு கூப்பினாள். ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்ததற்கு இவள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. என் சொந்த ஊர், என் சொந்த ஊர் என்று அரை ஆயுள் சொல்லிக்கொண்டிருந்த ஊர் இதுதானா என்று வெறுத்துப்போயிற்று. "அவங்களுக்கும் ஊத்துங்க" என்றேன். அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி அடிவரைக்கும் குடித்தாள்.

அதிலிருந்து தினமும் அங்கேதான் சாப்பாடு. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அந்தப் பெண்கள் சிரிக்கும்போது அவளும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். பேச்சு மட்டும் வரவில்லை. வெளியே தெரியாமல் இருக்குமா? வீட்டுக்காரருக்கும் மல்லாட்டை விளைச்சல் உண்டு. மூட்டையோடு மண்டிக்கு வந்தவர், முற்றத்தில் அக்கா கிண்ணமும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டார். முகம் கோணிப்போயிற்று. என்னை வெளியே கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இத பாரு தம்பி. நீ பர்மாவுல எத வேணா துன்னுருப்ப. என் வூட்டுக் கெணத்துல தண்ணி எடுக்கறவங்க இதுங்களோட குந்தி துன்னக் கூடாது. இத்தோட நிறுத்து. இல்லன்னா வூட்டக் காலி பண்ணு."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கிண்ணத்தை அஞ்சலை பக்கம் நீட்டினாள். "சா நெநெ" என்றாள். தெளிவாக, கொஞ்சம் அதட்டலாக. மொகிங்காக்காரியிடம் தினமும் கேட்பது அது. பர்மியப் பேச்சில் கொஞ்சம் உப்பு போடு என்று அர்த்தம். கப்பலேறிய நாளுக்குப் பின் நான் கேட்ட முதல் குரல்.

"பாத்தியா, பாத்தியா! பேய் பேசுது!" என்று வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். அஞ்சலைக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அவள் பேயைப் பார்க்கவில்லை, அக்காவின் சுளித்த வாயையும் நீட்டிய கிண்ணத்தையும் பார்த்தாள். "பேயி எங்கனா உப்பு கேக்குமா? இந்தா, போட்டுக்கக்கா" என்று கல்லுப்பை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அக்கா விரலால் கலக்கிக் குடித்தாள். நான் வீட்டுக்காரரிடம், "ஒண்ணாம் தேதி சாவி குடுத்துடறேங்க" என்றேன்.

பிறகு ஊருக்குள் எங்களுக்கு யாரும் வீடு தரவில்லை. அஞ்சலையிடம் கேட்டேன். "வேணாங்கையா. நீங்க எங்க தெருவுல வந்து இருந்தா, ஒங்கள ஒண்ணும் செய்யமாட்டாங்க. எங்களத்தான் ஒதைப்பாங்க" என்றாள். அது நிஜம்தான். கடைசியில் ஏரிக்கரையோரம், ஊருக்கும் சேரிக்கும் நடுவே பாழாய்க் கிடந்த ஒரு மல்லாட்டைக் கொட்டகை கிடைத்தது. மண்டி முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்தார். முன்வாசல் ஊரைப் பார்த்திருக்கிறது. அந்தப் பக்கமிருந்து ஒருவரும் வருவதில்லை. பின்வாசல் சேரியைப் பார்த்திருக்கிறது. மண்டி விடுமுறை நாட்களில் அஞ்சலை கூழோடு அந்தப் பக்கம் வருவாள், ஆனால் எவ்வளவு சொல்லியும் உள்ளே கால் வைக்கமாட்டாள். நாங்கள் வெளியே போய் அவளோடு உட்கார்ந்தாலும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எழுந்து போய்விடுவாள்.

அதனால் அக்கா பின்வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வெளியே அஞ்சலை மண்ணில் குந்தியிருக்கிறாள், உள்ளே நாங்கள் தட்டோடு இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை கமலாவால் பொறுக்க முடியவில்லை. "வாசப்படியில உட்கார்ந்து சாப்பிடாதீங்க அண்ணி, ஆகாது" என்றாள். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து, தமிழில், நிதானமாகக் கேட்டாள்.

"பின்னே எங்கேதான் உட்காரச் சொல்ற?"

கமலா என்னைப் பார்த்தாள். அஞ்சலை தரையைப் பார்த்தாள். அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து குடித்து முடித்தாள்.