பாதி பில்லில் ஒரு ஜிப்

பொத்தான் கடை அக்காவின் வாடிக்கையாளர்களுக்குப் பாதி பில்லில்தான் ஜிப் ஞாபகம் வரும். அவர்கள் தேடி எடுத்து வருவதற்குள், பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அதற்கு முடிவுகட்டத்தான் பில் மெஷின் வாங்க முடிவுசெய்தாள் அக்கா.

முதலில் வந்த மெஷின் விற்பனையாளர் செய்துகாட்டப் பாதி பில் போட்டிருந்தபோது, “ஐயையோ, ஜிப்பை மறந்துட்டேன்!” என்று வாடிக்கையாளர் போலக் கத்தினாள் அக்கா.

“அப்படின்னா அழிச்சிட்டு முதல்லேருந்து போடணும், மேடம்.”

“மெஷின் வாங்கச் சொன்னா நாடகம் போடுறியே!” கணவர் தலையிலடித்துக்கொண்டார்.

“நீங்க சும்மா இருங்க.”

அடுத்து மெஷின் விற்க வந்த பெண்ணிடமும் அதே கூச்சல். அவள் சிரித்தபடி திரையைத் தட்டினாள். “போய் எடுத்துட்டு வாங்கக்கா. உங்க பில் அப்படியே இருக்கும். அதுக்குள்ள அடுத்தவங்களுக்குப் போடுறேன்.”

“இதுதான் என் மெஷின்!” என்றாள் அக்கா.

மெஷின் வந்த சனிக்கிழமை எத்தனையோ பேர் ஜிப்புக்கு ஓடினார்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. எதிர்க்கடைக்காரர்தான் வாசலுக்கு வந்து எட்டி எட்டிப் பார்த்தார்.