“சேத்துக்கிட்டோம்னு சொல்லு”

சென்ற வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். “மாமா போயிட்டாருடி. டீ குடிச்சிட்டு ஒக்காந்தவருதான்.” படுக்கையில் கிடக்காமல் போனார் என்று முதலில் நிம்மதிதான் வந்தது. அழுகை, கடலூர் பஸ்ஸில் ஏறிய பிறகு வந்தது.

நம் ஊர்த் தலைவராக இருந்த ராமலிங்க மாமாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

2008இல் ஒரு வலைத் தகராறில், அப்பா ஊர்க் கூட்டத்தில் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஊர் எங்களை ஒதுக்கியது. யாரும் பேசவில்லை. அப்பாவோடு கடலுக்கு வர ஆளில்லை. அக்காவுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. ஊர் வந்து தாம்பூலம் வாங்காமல் நம்மில் கல்யாணம் ஏது? தை வரை பார்ப்போம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

மார்கழிக் கடைசியில் கோயில் முன்னால் ஊர் கூடியது. நானும் அக்காவும் வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டோம். அப்பா தப்பை ஒப்புக்கொண்டார்.

“கால்ல உழட்டும், மன்னிச்சுடலாம்” என்றது ஒரு குரல்.

“மன்னிக்க நாம என்னா சாமியாடா?” என்று அதட்டினார் மாமா. “மன்னிச்சா அவன் கீழயே நிப்பான். சேத்துக்கிட்டோம்னு சொல்லு. பக்கத்துல ஒக்கார வெக்கிறதுதான் சேக்கிறது.”

அப்படியே சொன்னார்கள். ஆனால் அதன்பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை. இத்தனை மாதம் பேசாதவரிடம் எதைச் சொல்லித் தொடங்குவது? மாமா தம் பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

“என்னா மச்சான், நாளைக்கிக் காத்து எப்படி?”

“வாடைதான் மச்சான்” என்றார் அப்பா.

“அது ஊருக்கே தெரியும்யா. புதுசா எதுனா சொல்லு.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். தையில் அவள் கல்யாணத்துக்கு ஊரே வந்தது.

அந்த ஆண்டே எனக்குச் சிதம்பரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்ந்த பிறகு முதல் லீவில் வந்து மாமாவிடம் சொன்னபோது, “எடம் கெடச்சுது சரி. சேத்துக்கிட்டாங்களா?” என்றார். ஹாஸ்டலில் ஒருத்தியும் பேசவில்லை என்றேன். “நீ பேசினியா?” என்று கேட்டார்.

சனிக்கிழமை மாமாவின் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகப் போய் நின்றார். பக்கத்திலிருந்தவர் நகர்ந்து இடம் விட்டார்.

இப்போது வேலை செய்யும் இடத்தில் புதிதாக வந்து ஓரமாக நிற்பவரிடம் நானாகப் போய்ப் பேசுகிறேன். இன்னும் குரல் நடுங்குகிறது. மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.